இறால் வண்டிக்கு ஒரு புது ஹெட்

எங்கள் வீட்டு இறால் வண்டிக்கு நான் செய்த சிலிண்டர் ஹெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கேட்கிறவர் கொட்டாவி விட்டாலும் விடமாட்டேன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குக் கூடக் காத்திருக்காமல் எழுந்து ஓடியிருக்கிறார். போகட்டும், நீங்கள் உட்காருங்கள்.

பழவேற்காட்டில் படகுத்துறைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அண்ணன் படகு இன்ஜின் மெக்கானிக். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவர் பட்டறை. அண்ணி ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் பெட்டியில் போட்டு, மோட்டார் சைக்கிளில் பொன்னேரி மார்க்கெட்டுக்கு அவரே கொண்டுபோவார். நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டி, நாளெல்லாம் உலோகத்தைச் சீவுகிறவன். இப்படி மூன்று பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இறால் வண்டி என்றைக்காவது ரேஸ் வண்டி ஆகத்தான் செய்யும்.

ஆரம்பித்து வைத்தது அண்ணிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனில் டிராக் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நிற்கும். விளக்கு பச்சையானதும் நேராகக் கால் மைல் பறக்கும். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. கண் சிமிட்டி முடிப்பதற்குள் முடிந்துவிடும். அண்ணி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இவ்ளோதானா? பச்ச வெளக்கு எரிஞ்சா போவணும். இதுக்கா இத்தினி கூட்டம்? நான் போவேன் தம்பி."

சிரித்தேன். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. கலங்கல் தண்ணீருக்கடியில், விரலில் இறாலின் மீசை பட்ட கணமே கையை மூடுகிறவர் அவர். யோசித்து மூடினால் கையில் சேறுதான் இருக்கும். உடம்பும் ஒல்லி, வண்டிக்குப் பாரமே தெரியாது. இப்படி ஓர் ஆளைத் தேடி ரேஸ்காரர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள். எங்கள் வீட்டில் அவர் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"இறால் போற வண்டிடா அது. நீ அத நோண்டி ஒடச்சிட்டன்னா உங்க அண்ணி பெட்டிய தலைல வெச்சிக்கினு பொன்னேரிக்கி நடக்கணுமா?"

நான் ஒற்றைக் காலில் நின்றேன். அண்ணி பேச்சை நிறுத்தி, பாத்திரங்களை மட்டும் சத்தமாக வைத்தார். கடைசியில் அண்ணன் இறங்கி வந்தார், நிபந்தனையோடு. "ஒரே ஒரு ரேசு. அதுல ஒரே ஒருத்தனையாவது ஜெயிக்கணும். தோத்தா, மறுநாள் காலைல பழைய ஹெட்ட எடுத்து மாட்டிடுவேன். அப்பறம் ரேசு கீசுன்னு இந்த ஊட்ல யாரும் பேசக் கூடாது."

"சரி" என்று அண்ணி எனக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டார்.

ஏன் ஹெட்? இன்ஜினுக்கு மூச்சு அதுதான். பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வருவதும், எரிந்த புகை வெளியே போவதும் ஹெட்டில் இருக்கிற இரண்டு பாதைகள் வழியாகத்தான். அவற்றை போர்ட் என்போம். கம்பெனியில் வார்த்துக் கொடுத்த போர்ட், ஆபீசுக்குப் போய் வரப் போதும். கால் மைலில் உயிரைக் கொடுத்து ஓட அது பத்தாது. அதே மாடலின் இன்னொரு ஹெட்டைப் பழைய இரும்புக் கடையில் பிடித்தேன். ஒரிஜினல் ஹெட் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு, அண்ணன் கைக்கு எட்டுகிற மாதிரி அலமாரியில் உட்கார்ந்தது. அந்தக் கொட்டகைக்குள் நுழையும்போதெல்லாம் அது என்னை முறைப்பது போலவே இருக்கும்.

போர்ட்டில் காற்று எவ்வளவு போகிறது என்று அளக்க ஒரு சாதனம் வேண்டும். வாங்குவதைப் பற்றி யோசிக்கவே முடியாது. இறால் பண்ணைகளில் குளத்துத் தண்ணீருக்குள் காற்று ஊத ஒரு ப்ளோயர் வைத்திருப்பார்கள். கைவிட்ட பண்ணை ஒன்றிலிருந்து அதைக் கொண்டுவந்தேன். ஒரு டிரம், அதன் மேல் ஹெட், பக்கத்தில் பலகையில் ஆணி அடித்து மாட்டிய கண்ணாடிக் குழாயில் கலர் தண்ணீர். ப்ளோயரைப் போட்டால் குழாயில் தண்ணீர் ஏறும் இறங்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் ஆராய்ச்சி முழுவதும். முதல் நாள் தண்ணீர் ஏறியதைப் பார்த்து நான் கத்திய கத்தலில், துறையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

பிறகு எனக்குப் பேராசை வந்தது. போர்ட்டை அகலமாக்க அகலமாக்கக் காற்று அதிகம் போனது. குடைந்தேன், குடைந்தேன், சுண்டுவிரல் போன இடத்தில் கட்டைவிரல் போகும்வரை குடைந்தேன். குழாயில் தண்ணீர் அருமையாகக் காட்டியது. வண்டியில் மாட்டி, கோடையில் ஏரி வற்றி இறுகிக் கிடந்த தளத்துக்குக் கொண்டுபோனோம். அண்ணி முறுக்கினார். வண்டி இருமியது. சும்மா சொல்லக் கூடாது, ஒரு ஆடு எங்களை முந்திப் போனது.

"உன் ஆராய்ச்சி சூப்பரா கீது தம்பி" என்றார் அண்ணி. நான் இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் முகத்துவாரத்தைத் தாண்டிப் படகில் போகும்போது பிடிபட்டது. ஏரியும் கடலும் சேர்கிற அந்த வாய் குறுகலாக இருக்கிற மாதங்களில் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடும். படகைப் பிடித்து இழுக்கும். அகலமாகிவிட்டால் சோம்பிப்போய், கொண்டுவந்த மணலை அங்கேயே போட்டுவிடும். என் போர்ட்டிலும் அதுதான் நடந்தது. நிறைய இடம் கொடுத்து காற்றைச் சோம்பேறியாக்கிவிட்டேன். அது பெட்ரோலைப் பாதி வழியில் போட்டுவிட்டு வருகிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற தண்ணீர், புத்தியில் ஏற இத்தனை நாள். படகிலேயே என் நெற்றியில் நானே அடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு கால் தரையில் நிற்கவில்லை. அலுமினிய வெல்டிங் வைத்து போர்ட்டின் தரையை உயர்த்தினேன். எவ்வளவு உயர்த்தலாம் என்று பார்க்க முதலில் ஏரிக் களிமண்ணை அப்பி ப்ளோயரைப் போட்டேன். அது அப்படியே பறந்து அண்ணனின் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது. அவர் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போர்ட்டைத் திறந்து மூடுகிற வால்வு உட்காரும் வளையத்தில் மூன்று சாய்வு வெட்டினேன். ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி, உள்ளே கலவை நெருங்கி அழுந்தும்படி செய்தேன். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்றுக் கசியாமல் இருக்கிற கேஸ்கட்டை அண்ணன் தாமிரத் தகட்டில் வெட்டிக் கொடுத்தார். அவர் கத்தரிக்கோலுக்குப் பிசிறு தெரியாது.

மறுபடி வற்றிய தளம். அண்ணி கிக்கரை உதைத்தார். வண்டி திருப்பி உதைத்தது. கெண்டைக்காலில் நீலம் பாய்ந்துவிட்டது. அவ்வளவு அழுத்தம் உள்ளே. இரண்டாவது உதையில் கிளம்பியது. அதன் சத்தமே வேறு. அண்ணி முறுக்கியதும் முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது, புழுதி எழுந்தது, தூரத்தில் நின்ற நாரைக் கூட்டம் முழுவதும் எழுந்தது. திரும்பி வந்தவரின் கண்ணில் நீர் வழிந்தது; காற்றாலா சந்தோஷத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை. என்னுடையது எதனால் என்று எனக்குத் தெரியும், நான் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

ரேசுக்கு முந்தின நாள், வால்வுகளைக் கடைசியாக ஒருமுறை தேய்த்து முடித்த நேரத்தில் கம்பெனியிலிருந்து ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஹெட்டை அண்ணனிடம் மாட்டச் சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது வண்டி துடைத்து நின்றது. போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கம் கச்சிதம்.

மறுநாள் மீன் வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு, சென்னைக்கு மேற்கே இருக்கிற பந்தயத் தளத்துக்குப் போனோம். எங்களுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் பளபளக்கிற வண்டிகள், ஒரே மாதிரி பனியன் போட்ட குழுக்கள். எங்கள் வேனின் கதவைத் திறந்ததும் இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளிப்போனார்கள். ஐஸ் உருகின மீன் வாடை.

அண்ணி கிக்கரை உதைத்தார். முதல் உதையிலேயே சாதுவாகக் கிளம்பியது. "இன்னிக்கி நல்ல புள்ளையா கீதுபா" என்றார். எனக்கும் குஷியாகத்தான் இருந்தது. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதலில் ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் எடுக்கிற ஓட்டம். விளக்கு பச்சையானதும் அண்ணி அம்பாகப் புறப்பட்டார். ஆனால் பாதி தூரத்துக்கு மேல் வண்டியில் உயிர் இல்லை. பலகையில் எங்கள் நேரம் எல்லாருக்கும் கீழே விழுந்தது. ஜோடி ஓட்டத்தில், கடைசியில் வந்தவர் முதலில் வந்தவரோடு மோத வேண்டும்; தோற்றவர் அத்தோடு வெளியே. அன்றைக்கு முதலில் வந்தது நீல வண்டி ஒன்று. அதைச் சுற்றி நின்ற ஆட்களே எங்கள் தெருவை நிரப்புவார்கள்.

அண்ணி இறங்கினார். "இழுக்கவே இல்ல தம்பி. காலைல ஒதைக்கவும் இல்ல."

ஒதைக்கவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது. உதைக்காத இன்ஜினில் அழுத்தம் எங்கே இருக்கும்? அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன்.

"ண்ணா, கேஸ்கட் எத்தினி போட்ட?"

அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ரெண்டு போட்டேன்டா. எப்பவும் போல."

எங்கள் பக்கத்துப் படகு இன்ஜின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. மண்ணெண்ணெய்க்கு அழுத்தம் ஆகாது, இன்ஜின் உள்ளுக்குள் அடித்துக்கொண்டு உடைந்துபோகும். அதனால் எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் இரண்டு கேஸ்கட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஹெட்டைத் தூக்கித்தான் மாட்டுவார்கள். நடுக்கடலில் நிற்காமல் வீடு வந்து சேர அதுதான் வழி. அண்ணன் கைக்கு அது மூச்சு விடுவது மாதிரி. நான் சீவிச் சீவிக் கொண்டுவந்த அழுத்தத்தை அந்தப் பாசமான கை ஒரு தாமிர வளையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டது.

கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. ஆனால் திட்டக்கூட நேரமில்லை. அதற்குள் அண்ணன் டேங்க்கைக் கழற்றிவிட்டார். ஏரி நடுவில், ஆடுகிற படகில், அலையில் நனைந்துகொண்டு இன்ஜின் பிரித்தவர் அவர். கெட்டித் தரையில், வெளிச்சத்தில், அது அவருக்கு விளையாட்டு. பக்கத்துக் குழுக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஹெட் கையோடு வந்தது. கேஸ்கட் இரண்டும் நசுங்கி விறைத்திருந்தன. தாமிரத்தைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால்தான் மறுபடி இளகி இடம் பிடிக்கும். நெருப்புக்கு எங்கே போவது? மைதானத்து ஓரத்தில் பரோட்டா கடை இருந்தது. இடுக்கியில் கேஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"இன்னா நைனா அது?" என்றார் மாஸ்டர்.

"கேஸ்கட். கொஞ்சம் அடுப்பு வேணும்."

"சால்னா கீது, ஓரமா காட்டு."

அந்த அடுப்பில் தாமிரம் செக்கச் செவேலென்று பழுத்தது. பாத்திரம் கழுவுகிற வாளியில் முக்கினேன். சீறியது. மாஸ்டர் கல்லில் பரோட்டாவைத் தட்டி எங்களுக்குத் தாளம் போட்டார். நான் திரும்பி ஓடி வந்தபோது அண்ணன் இரண்டாவது கேஸ்கட்டைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டியிருந்தார்.

ஒற்றை கேஸ்கட்டோடு ஹெட் உட்கார்ந்தது. எங்கள் முறைக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணி உதைத்தார். வண்டி திருப்பி உதைத்தது.

"ஐயோ எங்கால்" என்றார் அண்ணி. அந்தச் சத்தத்தைப் போல இனிமையாக நான் எதையும் கேட்டதில்லை.

நீல வண்டியும் இறால் வண்டியும் பக்கம் பக்கமாக நின்றன. பச்சை. அண்ணி போய்விட்டார். விளக்கு எரிந்ததை நான் பார்க்கும்போதே அவர் அங்கே இல்லை. நீல வண்டி கிளம்பும்போது ஒரு வண்டி நீளம் முன்னால் இருந்தார். பாதி தூரம், அவர்தான் முன்னால். முக்கால், அவர்தான் முன்னால். நானும் அண்ணனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தோம். கோட்டுக்குச் சற்று முன்னால் நீல வண்டி பெரிய மூச்சாக எடுத்து வந்தது. ஒரு முன்சக்கரம். அவ்வளவுதான். ஒரு முன்சக்கரத்தில் போயிற்று.

பலகையைப் பார்த்தேன். எங்கள் முந்தைய நேரம் எங்கேயோ, இது எங்கேயோ. அன்றைக்கு ஓடியவர்களில் நீல வண்டியைத் தவிர யாரும் அதைத் தொடவில்லை. நான் குதித்தேன். அண்ணி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"தோத்துட்டமா?"

"ஆமா அண்ணி."

"அப்ப இன்னாத்துக்குக் குதிக்கிற?"

அப்போதுதான் நிபந்தனை நினைவுக்கு வந்தது. கால் தரையில் ஒட்டிக்கொண்டது. மூவரும் வேனில் ஏறினோம். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் அண்ணன் இல்லை. அது ஊருக்கே தெரியும்.

மறுநாள் காலையில் கெஞ்சியாவது பார்க்கலாம் என்று கொட்டகைக்குப் போனேன். அலமாரி காலி. எண்ணெய்த் துணி மட்டும் மடித்துக் கிடந்தது. மாட்டிவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் வண்டி வெளியே நின்றது, என் ஹெட் அதில் அப்படியே இருந்தது. ஒன்றும் புரியாமல் துறைக்கு ஓடினேன்.

அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நண்டு வலையை இழுத்துக்கொண்டிருந்தார். வலையின் முனையில், அது நகராமல் இருக்க எப்போதும் ஒரு கல்லைக் கட்டிப் போடுவோம். முனை மேலே வந்தது. போல்ட் துளைகளில் நைலான் கயிறு கோத்து, சேறு வழிய, பழைய ஹெட். உப்புத் தண்ணீரில் ஊறுகிற அலுமினியம் இனி எந்த இன்ஜினிலும் உட்காராது என்பது எனக்குத் தெரியும். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"கல்லு கெடைக்கல" என்றார். என்னைப் பார்க்காமல் அதைத் திரும்பத் தண்ணீருக்குள் போட்டார்.

பின்னால் கரையில் அண்ணி இறால் பெட்டியை வண்டியில் கட்டி முடித்துக் கிக்கரை உதைத்தார். வண்டி திருப்பி உதைத்தது. காலைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்தார்.