மூன்றாம் பாட்டுக்குப் பிறகு வரும் குரல்

மார்கழி இருபத்தொன்று, திங்கட்கிழமை. வாசல் தெளித்துக் கோலம் போட்டேன், பால் காய்ச்சினேன், பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டேன், பத்து மணிக்குள் சமையலை முடித்துவிட்டுப் போய் கரண்ட் பில் கட்டி வந்தேன். மாலையில் சென்னையிலிருந்து அண்ணன் போனில் பேசினார். அதற்குப் பிறகு வழக்கமான வேலை எதுவும் ஓடவில்லை. பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து, இன்னும் ஓடுகிற பழைய டேப் ரிக்கார்டரில் போட்டேன்.

முதலில் வருவது பாட்டு இல்லை, இரைச்சல். உமி சிந்திய தரையில் துடைப்பம் போவது போன்ற ஓர் இரைச்சல்; அதற்குப் பின்னால் ஒரு கிடாருக்குச் சுருதி சேர்ப்பது, ஒரு குழந்தை அழுவது, யாரோ "மைக்க கொஞ்சம் தள்ளி வைப்பா" என்பது. பிறகுதான் அண்ணனுடைய குழு தொடங்கும். அவரும் தஞ்சாவூர்க் கல்லூரியில் அவரோடு படித்த மூன்று பேரும் சேர்ந்து "தி கரண்ட்ஸ்" என்று ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். பின்னாளில் சென்னையில் கொஞ்சம் பேர் வாங்கிய குழுதான். ஆனால் அதன் முதல் கச்சேரி குடவாசலுக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், ஒரு காணும் பொங்கலன்று, அறுவடைக்கு முன் காலியாகக் கிடந்த எங்கள் வீட்டுக் களத்தில் நடந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் கரண்ட் வேண்டுமே. எங்கள் மோட்டார் கொட்டகையிலிருந்து வரப்பு ஓரமாக மூங்கில் கழிகள் நட்டு ஒயர் இழுத்து வந்தார்கள். கழி வெட்டிக் கொடுத்து, வயலுக்குள் இறங்கி, விளைந்த கதிர் ஒன்றுகூட மிதிபடாமல் நட்டவர் மாரியப்பன். எங்கள் பண்ணையில் வேலை பார்த்தவர். அண்ணனைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை "அவன்" என்றுதான் சொன்னோம், நானும்தான். சிங்கப்பூர் மாமா கொண்டுவந்திருந்த டேப் ரிக்கார்டரை அம்மாவின் மணைப்பலகை மேல் வைத்து, மேடைக்கு முன்னால் ஓட விட்டார்கள். அப்பா வரவில்லை. கிடாரை அவர் "தகரடப்பா" என்பார்.

அது கூலித் தகராறு முற்றியிருந்த வருடம். கூலி நெல்லை மரக்காலால் அளக்கும்போது அப்பாவின் காரியக்காரர் கையால் மேலே வழித்து "தலை தட்டி" அளப்பார். மேலே குவிந்து நிற்கும்படி கும்பாச்சியாக அளக்க வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். தாசில்தார் ஆபீஸில் பேச்சுவார்த்தை என்பார்கள், வாய்தா என்பார்கள், ஆட்கள் குடியிருந்த தெற்குத் தெருவில் கொடி ஏறியிருக்கிறது என்பார்கள். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் இரண்டு தெருவும் ஒரே களத்தில் உட்கார்ந்து கச்சேரி கேட்டது. மேடைக்கு அருகே நாங்கள், பின்னால் அவர்கள்.

மூன்றாம் பாட்டு முடிந்ததும் கைதட்டல் வருகிறது. அது அடங்கியதும், பின்வரிசையிலிருந்து அவசரமே இல்லாமல் ஒரு குரல் வருகிறது: "தம்பி, பாட்டெல்லாம் கும்பாச்சியா குடுக்குறீங்க. ஐயாவோட மரக்காலு மட்டும் ஏன் தம்பி தலையில்லாம நிக்குது?"

அதன் பிறகு கேசட்டில் வருவது சிரிப்பு. பின்வரிசைச் சிரிப்பு மட்டுமல்ல; முன்வரிசையிலும் சிரித்திருக்கிறோம். அண்ணன் மைக்கிலேயே சிரித்துவிட்டு நான்காம் பாட்டைத் தொடங்குகிறார்.

கச்சேரியில் யாரோ பண்ணையாரைக் கிண்டல் செய்தான் என்ற செய்தி மறுநாளே அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. யார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். "கூட்டத்துல யாருன்னு தெரியலப்பா" என்றார் அண்ணன். அண்ணனுக்குத் தெரியும், தோளோடு தோள் நின்று ஒயர் இழுத்தவர்கள். அடுத்த நாள் சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்த அப்பா, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்தக் கேசட்ட போடு, கேப்போம்" என்றார்.

அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். மகனுடைய பாட்டை அப்பா ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்க மாட்டாரா என்று ஒரு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தவர். கழுவின கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சமையல்கட்டிலிருந்து வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் பண்ணை ஆட்கள் முன்னால் வர மாட்டார்கள். ஆட்கள் கொல்லைக் கதவுக்கு வெளியே நின்று "அம்மா" என்று குரல் கொடுப்பார்கள். அம்மா உள்ளே இருந்தபடியே, வந்தது யார் என்று தெரிந்து, பேர் சொல்லிப் பதில் சொல்லி, கூழோ எண்ணெயோ என் கையில் கொடுத்தனுப்புவார். பல பேருடைய முகம் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு "அம்மா"வை வைத்தே யாருக்கு ஜுரம், யார் வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்றாம் பாட்டு முடிந்தது. குரல் வந்தது. அம்மா சிரித்துவிட்டார்.

"நம்ம மாரியப்பன்ல இது. அவனுக்கு வாய் சும்மாவே இருக்காது."

அப்பா பட்டனை அமுக்கி நிறுத்தினார். நான்காம் பாட்டைக் கேட்கவில்லை. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டு, காரியக்காரரைத் தேடி வெளியே போனார். அண்ணன் அம்மாவைப் பார்த்த பார்வையும், அதற்குப் பிறகு மெதுவாக மாறிய அம்மாவின் முகமும்தான் எனக்கு அந்தப் பொங்கல்.

அந்த அறுவடைக்கு மாரியப்பனையும் அவர் மனைவியையும் கூப்பிடவில்லை. அப்பா சொல்லியனுப்பியதால் பக்கத்துப் பண்ணைகளிலும் கூப்பிடவில்லை. அம்மா ஒரு தடவை, "ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னதுங்க, விட்டுடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தார். அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். மாசி முடிவதற்குள் மாரியப்பன் கைக்குழந்தையையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு முத்துப்பேட்டைக்குத் தெற்கே உப்பளத்து வேலைக்குப் போய்விட்டார். போகிற அன்று கொல்லைப் பக்கம் வந்து "அம்மா, போய்ட்டு வரேம்மா" என்று குரல் கொடுத்தார். அம்மா உள்ளேதான் இருந்தார். பதில் சொல்லவில்லை. என் கையிலும் எதையும் கொடுத்தனுப்பவில்லை. கதவிடுக்கு வழியாக நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த அறுவடையில் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. மரக்காலைத் தலை தட்டக் கூடாது என்று முடிவானது. எல்லோருக்கும் கும்பாச்சியாக அளந்தார்கள்.

அம்மா அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். கொல்லைப்புறத்தில் யார் குரல் கொடுத்தாலும், தினம் வருகிறவராக இருந்தாலும், "யாரது?" என்று கேட்பார். அவர்கள் பேரைச் சொன்ன பிறகுதான் பதில் சொல்வார். காது மந்தமாகிவிட்டது என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். பக்கத்து அறையில் நான் பென்சில் சீவுவது கேட்கும் அவருக்கு.

இப்போது அந்தக் களம் இல்லை; அதில் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். மோட்டார் கொட்டகை இருந்த இடம் பிளாட். நெல்லை மிஷின் அறுக்கிறது, மரக்காலை அலங்காரச் சாமானாக விற்கிறார்கள். அம்மா இல்லை, அப்பா இல்லை. அண்ணன் போன் செய்தது, குழுவின் ஆரம்பகாலக் கச்சேரிப் பதிவுகளை யாரோ ஆர்வமாகத் தேடி நெட்டில் போடுகிறார்களாம், முதல் கச்சேரி என்னிடம்தான் இருக்கிறது, அனுப்பி வை என்று சொல்ல.

"மூணாவது பாட்டுக்கப்புறம் யாரோ நடுவுல பேசுவான் பாரு, அத வெட்டிடச் சொல்லிருக்கேன்" என்றார்.

"யாரோ இல்லண்ணே" என்றேன்.

"தெரியும்மா. அதனாலதான் வெட்டச் சொன்னேன்" என்றார்.

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. போன ஐப்பசியில் குடவாசல் ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் செல்வி, பேச்சுவாக்கில் தன் ஊர் எங்கள் ஊர்தான் என்றாள். தன் அப்பா பேர் மாரியப்பன், தான் கைக்குழந்தையாக இருக்கும்போதே உப்பளத்துக்குப் போய்விட்டார்கள், தனக்கு மூன்று வயதில் அங்கேயே அவர் இறந்துவிட்டார் என்றாள். "கிண்டல் பண்ணியே ஆள அடிச்சிடுவாராம். அம்மா சொல்லும். எனக்கு அவரு கொரலே ஞாபகம் இல்லைங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றாள். நான் வலங்கைமான் என்றேன். இப்போது குடியிருப்பது வலங்கைமானில்தான், பொய் இல்லை. அடுத்த தடவை எப்போது வரலாம் என்று கேட்டுக்கொள்ள ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கேசட்டைக் கொடுத்தால் அந்தக் குரல் ஏன் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அம்மா சிரித்ததைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாகப் பாட்டுக்காக அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்று இரவு அந்த இடத்தை மறுபடி கேட்டேன். அவசரமில்லாத குரல். அந்தச் சிரிப்பில் பத்து வயதுச் சிரிப்பு ஒன்றும் தனியாகக் கேட்கிறது. அது என்னுடையது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பால் வருவதற்கு முன்பே, முதல் வேலையாகச் செல்வியின் நம்பருக்குப் போன் செய்தேன். "யாருங்க?" என்றாள். என் பேரைச் சொன்னேன். எந்த ஊர், எந்த வீட்டுப் பெண் என்பதையும் சொன்னேன்.