அரைக்கால் சுற்று

பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்திலேயே பேய்க்குப் பயப்படாத ஒரே மனிதன் நான். தற்பெருமை இல்லை, தகவல். கீழே வருவதும் தகவல்தான். நடந்தது.

சென்ற ஜூன், மேலே திராட்சைக் கொடிகள் பூத்த வாரம். எப்பெர்னே பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் நிலவறையில் எனக்கு விடுமுறை வேலை. பலகைத் துளைகளில் ஷாம்பெயின் மது பாட்டில்கள் தலைகீழாகச் சாய்ந்திருக்கும். வண்டல் கழுத்துக்கு இறங்க, தினமும் ஒவ்வொன்றையும் அரைக்கால் சுற்று திருப்ப வேண்டும். இரண்டு கையில் இரண்டு பாட்டில். ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் வெள்ளைக் கோடு. எல்லாக் கோடும் ஒரே திசையில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை முதலாளி பார்ப்பார். பிசகினால் வேலை போகும். வேலை போனால் கல்லூரியும் போகும்.

கூட வேலை செய்த மதாம் ஒதீல், தினமும் கடைசிப் படியில் நின்று இருட்டிடம் சொல்வார்:

“வந்துட்டோம், மிசியே. நீங்க போகலாம்.”

“எந்த ஐயாவுக்கு மதாம் லீவு குடுக்குறீங்க? எலிக்கா?”

“நீயும் சொல்லேன் தம்பி. வாய் தேஞ்சா போயிடும்?”

புதன்கிழமை அவருக்குப் பல்வலி. தாமதமாகத்தான் வருவார். தனியாக இறங்கினேன். இருட்டிடம் எதுவும் சொல்லவில்லை.

காலை 10.40. முதல் பலகை முடிந்தது. இரண்டாவதற்கு நகர்ந்தேன்.

பின்னால்... டக்.

நான் திருப்பினால் ‘டடக்’ என்று இரட்டையாகக் கேட்கும். இது ஒற்றை.

டக்... டக்...

திரும்பினேன். யாரும் இல்லை. முதல் பலகையில் கோடுகள் நகர்ந்திருந்தன. எல்லாம் அல்ல. ஒன்று விட்டு ஒன்று.

சரிசெய்தேன். 10.52.

டக்.

இப்போது என் பக்கத்தில்.

பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. இடது கை மட்டும் மரத்திருந்தது. கிள்ளினேன்...

என் கையாகவே தெரியவில்லை.

படியேறினேன்.

மேலே, அப்போதுதான் வந்திருந்தார் ஒதீல். கன்னம் வீங்கியிருந்தது.

“கோடெல்லாம் நகருது மதாம்.”

“எல்லாமா?”

“ஒண்ணு விட்டு ஒண்ணு.”

காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“வலது கைப் பாட்டில் மட்டும்.”

நான் அதைச் சொல்லவே இல்லை.

“எங்க தாத்தா காலத்துல இங்க பாட்டில் திருப்புன ஆளு, அனத்தோல். இதே பூக்குற வாரம். பாட்டில் வெடிச்சு இடது கை போயிடுச்சு. கீழ யாரும் இல்ல. மத்தியானம் ஆள் இறங்கிப் பாத்தா, ரத்தம் வடிஞ்சு செத்துக் கெடந்தாராம். ஆனா...”

“ஆனா?”

“கை போன பிறகும் ரெண்டு பலகை திருப்பியிருந்தாரு. மாத்த ஆள் வரலையே.”

வெள்ளிக்கிழமை முதலாளி பார்த்தபோது ஒரு கோடும் பிசகவில்லை. வியாழனும் வெள்ளியும் ஒதீலுக்கு முன்பே வந்து, கடைசிப் படியில் நின்று, மரத்த கையைப் பையில் விட்டுக்கொண்டு, எலிக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னேன்:

“வந்துட்டேன், மிசியே. நீங்க போகலாம்.”