விக்கெட் காப்பாளர் கோலுக்கு நின்ற நாள்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நான் இரண்டு கழகங்களில் விளையாடுகிறேன். ஒன்று எங்கள் தமிழ்க் கிரிக்கெட் கழகம். மற்றது ஹர்லிங், மட்டையும் பந்துமாக ஓடி ஆடும் அயர்லாந்து விளையாட்டு. ஒரு ஞாயிறு இரண்டு ஆட்டங்களும் ஒரே நாளில் வந்தன.

காலை ஹர்லிங் முடியத் தாமதமானது. கிரிக்கெட் கப்டன் ரவி அண்ணை மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"இண்டைக்கு முடிவெடு தம்பி. எங்களோடயா, இவையோடயா? ரெண்டும் ஏலாது."

அந்த நேரம் பார்த்து எங்கள் ஹர்லிங் கோல் காப்பாளர் கால் சுளுக்கி விழுந்தார். மாற்று ஆள் இல்லை.

ரவி அண்ணை பெருமூச்சு விட்டார். "வாற பந்தைப் பிடிக்கிறதுதானே? ஹெல்மெட்டைத் தா."

நட்பு ஆட்டம் என்பதால் யாரும் மறுக்கவில்லை. கிரிக்கெட்டில் விக்கெட் காப்பவர் அவர். முதல் பந்தைப் பாய்ந்து பிடித்து, "அவுட்!" என்று கத்தினார். மைதானமே சிரித்தது. அடுத்த இரண்டு பந்துகளும் கோலுக்குள் போயின. ஒவ்வொரு முறையும் தன்மேல் கோபப்பட்டு நிலத்தை உதைத்தார்.

தோற்றோம். கிரிக்கெட்டுக்கும் பிந்திப் போனோம்.

இரண்டு அணிகளிலும் நான் எப்போதும் மற்றதற்குக் கிளம்பத் தயாராகவே நின்றிருக்கிறேன். அவரோ விதிகூடத் தெரியாத ஆட்டத்தில் முழு மனதோடு நின்றார். இப்போதும் ஆட்ட நாள்கள் மோதத்தான் செய்கின்றன. ஆனால் விளையாடும்போது நான் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை.