சூராகான் சொன்ன பெயர்

எங்கள் கிர்கிஸ் மொழியில் மருமகளைக் கெலின் என்போம். வந்தவள் என்று பொருள். துருக்கிய மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியிலும் ஏறக்குறைய இதே சொல்தான் இருந்திருக்கும் என்று படித்தவர்கள் ஊகிக்கிறார்கள். இருக்கட்டும். அந்தச் சொல்லோடு சேர்ந்து வந்த வேலை எதுவும் குறையவில்லை.

சூராகான் அப்படி வந்தவள். டிராக்டர் கவிழ்ந்து கணவன் இறந்ததும், தாய்வீட்டுக்குப் போகலாம் என்று மாமனாரே சொன்னார். அவள் போகவில்லை. அவருடைய ஆடுகளைப் பார்த்துக்கொண்டாள், காலையில் அவருக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். மாமனார் பெயரைக் கெலின் வாயால் சொல்லக் கூடாது. ஊர் நர்ஸான என்னிடம் அவருக்கு மருந்து வாங்க வரும்போது நான் பெயர் கேட்டால், பக்கத்தில் நிற்பவளை இடித்துச் சொல்ல வைப்பாள்.

போன குளிர்காலத்தில் கிழவருக்கு வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கண்ணே திறக்கவில்லை. அரைமயக்கத்தில் ஊட்டினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். விழிக்க வைத்தாக வேண்டும். இல்லையென்றால் பனி மூடிய கணவாயைத் தாண்டி நகரத்து மருத்துவமனைக்கு. அந்தப் பாதையை அவர் உடம்பு தாங்காது. இளைய மகன் துர்குன்பெக் வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தான்.

நான் தோளைத் தட்டி, "ஒமுர்சாக் அண்ணே!" என்று கத்தினேன். மகன், "அப்பா! அப்பா!" என்றான். அசைவில்லை.

சூராகான் பக்கம் திரும்பினேன். "நீ கூப்பிடு. பேரைச் சொல்லி."

"ஐயோ அக்கா, நாக்கு அழுகிடும்."

"அழுகினா மருந்து என்கிட்ட இருக்கு."

"நீங்கதான் கூப்பிட்டீங்களே!"

"நான் கூப்பிட்டா அவருக்கு எதுக்குடி கோபம் வரும்?"

"சொல்லிடுங்க அண்ணி," என்றான் துர்குன்பெக். "நான் வேணா காதைப் பொத்திக்கிறேன்."

அவள் தலைத்துணியைச் சரிசெய்தாள். குனிந்து வணங்கினாள். பிறகு அவர் காதருகே, "ஒமுர்சாக்," என்றாள். புருவம் நெளிந்தது. "ஏ ஒமுர்சாக்!"

கண் திறந்தது. கோணிய வாயிலிருந்து குழறலாக வந்தது: "யாருடி அது... மரியாதை இல்லாம..."

சூராகான் முகத்தை மூடிக்கொண்டு அடுப்பின் பின்னால் ஓடினாள்.

"அப்புறம் வெட்கப்படு. கூழை எடுத்து வா," என்றேன்.

தலையணை வைத்து நிமிர்த்தி, நுனிக்கரண்டி வாற்கோதுமைக் கூழைக் கொடுத்தேன். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. வண்டியை அணைக்கச் சொன்னேன்.

கிழவர் இன்னும் இருக்கிறார். சாப்பாடு வேண்டாமென்று வாயை இறுக்கிக்கொள்ளும் நாட்களில், சூராகான் கரண்டியும் கையுமாகக் குனிந்து, மிகப் பணிவாகக் கேட்கிறாள்:

"அப்பா, பேரைச் சொல்லட்டுமா?"

வாய் திறக்கிறது.