டில்லி போட்ட ஓட்டை

டில்லி இறந்துவிட்டான். நேற்று மத்தியானம். மாரடைப்பு... முப்பத்தைந்து வயது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு வருடம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் டிசைனில், அவன் அசெம்பிளி லைனில்.

ஷிஃப்ட் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவன், "கேஸுதாம்பா, சோடா குட்சா சரியாப்பூடும்" என்று சொல்லிவிட்டு வெளியே போயிருக்கிறான். கடைக்குப் போகவில்லை. மழையில் தானே பைக்கை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்டாண்டில் ஒழுங்காகப் பூட்டி நிறுத்திவிட்டு, உள்ளே போய் விழுந்திருக்கிறான்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பழைய வண்டி. மழை வந்தால் இடது கை சுவிட்சுக்குள் தண்ணீர் புகுந்து ஹாரன் தானாக அடிக்கும். ஒருமுறை கொரட்டூரிலிருந்து திருமுல்லைவாயில் வரைக்கும் நிற்காமல் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

"ரோடே வழி வுட்ச்சு மாமே. மந்திரி கணக்கா போனேன்" என்றான் மறுநாள்.

கடையில் விற்கிற சுவிட்ச் எல்லாம் குப்பை, நானே வாட்டர்ப்ரூஃபாகச் செய்து தருகிறேன் என்றேன். அலுமினியப் பெட்டி, ரப்பர் உறை போட்ட பட்டன், சுற்றிலும் சிலிக்கான். ஒரு நாள் முழுக்க என் வீட்டு பக்கெட்டில் மூழ்கிக் கிடந்தது, ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

வண்டியில் மாட்டிய இரண்டாவது வாரமே போச்சு. வெயிலில் காய்ந்த பெட்டி சாயந்திர மழையில் சட்டென்று குளிர்ந்து, பட்டன் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிவிட்டது. திறந்தால் உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர்.

டில்லி அதைக் கவிழ்த்துப் பார்த்தான். "பூந்த தண்ணி வெளிய போவ வழியே இல்லியே மாமே. அடில சின்னதா ஒரு ஓட்டை போடேன்."

"வாட்டர்ப்ரூஃப்னா ஓட்டையே இருக்கக் கூடாதுடா. விடு, உனக்குப் புரியாது." லைனில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

"சரிங்க இன்ஜினியர் சார்" என்று சிரித்தான். என்னை அவன் சார் என்று கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

இரண்டாவது பெட்டிக்கு, இடுக்கை அடைக்க நல்ல ரப்பரில் கேஸ்கெட் வெட்டினேன். அது இரண்டு மழைக்காலம் தாங்கியது. ஹாரன் ஒருமுறைகூடத் தானாக அடிக்கவில்லை.

அதைப் பற்றி என்னுடைய இதே பக்கத்தில்தான் போட்டோவோடு பதிவு எழுதினேன், சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஒழுங்காக சீல் பண்ணத் தெரியாதவன்தான் ஓட்டை போடச் சொல்வான் என்று பெரிய லெக்சர் வேறு.

முதல் லைக் டில்லியுடையது. "எங்க இன்ஜினியரு" என்று கமெண்ட் போட்டிருந்தான்.

இன்று காலை அவன் மனைவி கல்பனா போன் செய்தார். "அண்ணா, வண்டி அங்கியே நிக்குது. அவரு அத மழைல வுட மாட்டாரு..."

வீட்டில் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். இன்னும் தூறிக்கொண்டிருந்தது. பூட்டைத் திறந்து ஹேண்டிலைத் திருப்பும்போது இடது சுவிட்சின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

விரலால் தடவிப் பார்த்தேன். அடி மூலையில் ஓர் ஓட்டை. இரண்டு எம்எம் டிரில், பிசிர்கூட இல்லாமல் தேய்த்திருந்தான்.

விளிம்பில் அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது. மாட்டிய புதிதிலேயே போட்டிருக்கிறான்.

இரண்டு வருடம்... தினமும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஹாரனை அழுத்தினேன். அடித்தது. கையை எடுத்தேன். நின்றது.

அந்தப் பழைய பதிவை அழிக்கப் போனேன். கீழே அவன் கமெண்ட் இருக்கிறது. விட்டுவிட்டேன்.

நாளை காலை பத்து மணிக்குத் திருமுல்லைவாயில் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். லைன் ஆட்கள் எல்லோரும் வந்துவிடுங்கள்.

வண்டியை உன் வீட்டு ஷெட்டுக்குள் நிறுத்திவிட்டேன் டில்லி. நனையாது.