சட்டிச்சோற்று வழக்கு

சின்ன வயதில் நான் பெரிய கோள்மூட்டி. அதுவும் சொந்த அம்மாவைப் பற்றியே கோள் சொன்னவள்.

அப்போது அம்மாவின் வயிற்றில் தங்கச்சி. சாம்பல்தீவில் எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டியில் வருவார். அம்மாவுக்கு இரத்தம் குறைவு, இப்படியே போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் கூடாது என்பார். கீரை, பயறு, மீன் என்று படம் போட்ட மட்டையை விரித்துக் காட்டுவார். அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று தலையாட்டுவார். இரத்தம் மட்டும் ஏறவே இல்லை.

ஒருநாள் மிஸ் மட்டையை விரிக்கவில்லை. குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "மகள், நேற்று அம்மா என்ன சாப்பிட்டவ?" என்று என்னைக் கேட்டார். விட்டேனா நான்!

"அப்பாவுக்கு நடுத்துண்டு, எனக்கும் அண்ணாவுக்கும் வால்துண்டு. கடைசியில மீன்சட்டிக்குள்ள சோத்தைப் போட்டுப் பிரட்டி, அம்மா தனிய இருந்து சாப்பிடுறவ மிஸ். ஒவ்வொரு நாளும்! எங்களுக்கு ஒரு வாய்கூடத் தாறதில்லை."

"வாயை மூடடி" என்றார் அம்மா. முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றுவிட்டது.

மிஸ் சிரிக்கவில்லை. "பெரிய அநியாயம்தான்" என்று என் பக்கம் நின்றார். தீர்ப்பும் உடனே வந்தது. இனிச் சட்டி எனக்கு. ஆனால் எல்லாருக்கும் முதல் அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையை நான்தான் போடவேண்டும், மீனும் கீரையும் வைத்து. அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை சட்டியைத் தொட ஏலாது. "அம்மா ஏமாத்தினா என்னட்டச் சொல்லுங்கோ, சரியா?"

ஆகா, எனக்கு வந்த அதிகாரத்தைப் பாருங்கள்! அன்று மத்தியானமே அகப்பையும் கையுமாக நின்றேன். "எனக்குக் காணும், நீங்கள் சாப்பிடுங்கோ" என்று அம்மா மறித்துப் பார்த்தார். "நடுத்துண்டைப் போடு பிள்ளை" என்றார் அப்பா, வேறு கதை இல்லை. அம்மா குனிந்தபடி சாப்பிட்டார். நான் எதிரே காவல் இருந்தேன்.

தங்கச்சி கொழுகொழுவென்று பிறந்தாள். வழக்கில் வென்ற பெருமை எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் அந்த முதல்நாள், எத்தனை ஆசையோடு சட்டிக்குள் சோற்றைப் போட்டேன்! அடியில் ஒட்டியிருந்த கொஞ்சக் குழம்பும் ஒரு முள்ளும். சோறு நிறம் மாறவே அது காணாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மிச்சத்தை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்?" என்று அம்மாவோடு சண்டைக்குப் போனேன்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா ஏன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார் என்று நான் யோசிக்கவில்லை. சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.