குமிழிக்குப் பின்னால் ஏறியவன்

1. பட்டப்பெயர்

சங்கு குளிக்கப் போன முதல் நாளே எனக்கு வௌவால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கும் வேலை. மேலே வரும்போது நாம் விடுகிற சின்னக் குமிழியைக்கூட முந்தக் கூடாது. பாதி வழியில் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டும். அவசரப்பட்டால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி, பெண்ட்ஸ் என்ற நோய் வந்து ஆளை முடக்கிவிடும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் போட்டில் அப்படிக் கயிற்றில் நின்றவன் நான் ஒருவன்தான்.

"கயித்தில வௌவால் மாதிரித் தொங்குறார்" என்றார் போட்டின் சொந்தக்காரரான சம்மாட்டியார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் கயிற்றை விடவில்லை.

2. நசீர்

குறிஞ்சாக்கேணி நசீர் என் சோடி. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் இறங்குவோம்.

"கொஞ்சம் கெதியா வாவன் மச்சான். உன்னால நானும் பிந்துறன்" என்பான்.

கடல் அடங்கிய மாதங்களில் சங்கு வாங்குகிறவர்கள் கரையிலேயே காத்திருப்பார்கள். அப்படி ஒரு நாள் சம்மாட்டியார் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மற்றவங்கள் அடுத்த சிலிண்டருக்கு இறங்கீட்டாங்கள். நீர் இன்னும் ஏறி முடியேல்ல. இப்பிடியெண்டா உம்மை வைச்சிருக்க ஏலாது."

"ஏலாதெண்டா விடுங்கோ ஐயா. இதை விடக் கெதியா எனக்கு ஏற ஏலாது."

வீட்டில் கைக்குழந்தை இருந்த நேரம். என்றாலும் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கரையில் சிலிண்டருக்குக் காற்று நிரப்ப விட்டார். நசீருக்கு வேறு சோடி கிடைத்தது.

ஒரு பின்னேரம் போட் கரைக்கு வந்தது. நசீர் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் இறங்கிய பிறகும் அவன் எழும்பவில்லை.

"மச்சான், கால் ரெண்டும் இருக்கிறமாதிரியே தெரியேல்ல" என்றான்.

நான்தான் அவனைத் தூக்கி இறக்கினேன். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கால் பழையபடி வரவில்லை. நான் செய்ததுதான் சரி என்ற நினைப்பு ஒரு கணமும் எனக்கு வரவில்லை. அவனை அவசரப்படுத்தியவர்கள்மேல் அடக்க முடியாத கோபம்தான் வந்தது.

பிறகு சம்மாட்டியாரே வீடு தேடி வந்தார். "உம்மட பாட்டில, உம்மட வேகத்தில இறங்கும்" என்றார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் இறங்கினேன்.

3. களப்புக் கரை

இப்போது என் ஊரான சாம்பல்தீவிலிருந்து அடிக்கடி நசீரிடம் போகிறேன். கடல்நீர் ஏரியான களப்பின் கரைவரை நடப்போம். அவன் கையில் தடி.

"நீ முன்னுக்குப் போ, நான் மெல்ல வாறன்" என்றான் போன முறை.

"நான் எப்ப கெதியாப் போனனான்?"

சிரித்தான். பிறகு தடியை ஊன்றி நின்றான்.

"அண்டைக்கு உன்னை மாதிரிக் கயித்தில நிண்டிருக்கலாம்."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கேலி செய்கிறவர்கள் மேலே போட்டில் இருப்பார்கள், தண்ணீருக்குள் இருப்பது உங்கள் உடம்பு. உங்கள் வேகத்தை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

நசீர் மறுபடி நடக்கும்வரை நானும் அங்கேயே நின்றேன்.